அடி வாங்காதவர் மேல் ஏன் இத்தனை கோபம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குத்துச்சண்டையில் மிக அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டின் சாம்பியன்களைப் பற்றிய உங்கள் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படித்து வருகிறேன். ஜோ லூயிஸ் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அந்த மரியாதை குறையாமல்தான் இதை எழுதுகிறேன். போன இதழில் உக்ரைன் வீரர் விளாடிமிர் கிளிச்கோவுக்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதிலும் பாதி, எதிராளியைக் கட்டிப்பிடித்தே ஒன்பது வருடத்தை ஓட்டிவிட்டார் என்ற ஒரு வரியைச் சுற்றியே போய்விட்டது. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

2006 ஏப்ரலில் மான்ஹைமில் கிறிஸ் பேர்டை ஏழாவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டத்தை எடுத்தார். 2015 நவம்பரில் டூசல்டார்ஃபில் டைசன் ஃப்யூரியிடம்தான் அதை இழந்தார். ஒன்பதரை வருடத்துக்கும் மேல். இடையில் தொடர்ந்து 18 முறை பட்டத்தைக் காப்பாற்றினார். ஹெவிவெயிட்டில் இதைவிட நீண்ட காலம் ஒரே மூச்சாகப் பட்டம் வைத்திருந்தவர் ஜோ லூயிஸ் ஒருவர்தான். அவருக்கு நான்கு பக்கம் கொடுத்தீர்கள், சந்தோஷம். கிளிச்கோ ஜெயித்த 64 சண்டையில் 53 சண்டையை நாக்அவுட்டில் முடித்தார். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எழுதாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

அவர் இப்படிச் சண்டை போடப் பிறந்தவர் இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோதும், அதற்கப்புறம் சில வருடமும், முன்னேறிப் போய் அடிக்கிற ஆள்தான். அப்படிப் போய் மூன்று முறை விழுந்தார். 1998இல் ராஸ் ப்யூரிட்டியிடம் பதினோராவது ரவுண்டில் மூச்சு வாங்கி நின்றுபோனார். 2003இல் கோரி சாண்டர்ஸ் இரண்டே ரவுண்டில் முடித்தார். 2004இல் லேமன் ப்ரூஸ்டரை நாலாவது ரவுண்டில் கீழே தள்ளிவிட்டு, அடுத்த ரவுண்டில் தானே சரிந்தார். அப்போது பத்திரிகைகள் என்ன எழுதின? தாடை கண்ணாடி, ஒரு அடி பட்டால் விழுந்துவிடுவார், மூச்சு கிடையாது, இத்தோடு சரி என்று எழுதின. அதே ஆள் விழாமல் நிற்கக் கற்றுக்கொண்டு வந்ததும், பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். அவர் எப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

அவரை மாற்றியவர் இமானுவல் ஸ்டீவர்ட். டெட்ராய்ட்டில் தாமஸ் ஹெர்ன்ஸ் மாதிரி அடிதடி வீரரை உருவாக்கிய பயிற்சியாளர். அந்த ப்ரூஸ்டர் தோல்விதான் இருவரும் சேர்ந்து போட்ட முதல் சண்டை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பிரிந்திருப்பார்கள். ஸ்டீவர்ட் பெயர் உங்கள் கட்டுரையில் ஒரு இடத்தில்கூட இல்லை.

சரி, அந்த ஸ்டைலில் என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். ஆறரை அடி உயரம், 206 சென்டிமீட்டர் கைவீச்சு. இடது கையை முன்னால் நீட்டி வைத்து எதிராளியின் கிளவுஸைத் தொட்டுக்கொண்டே இருப்பார். அது அடி இல்லை, அளவெடுப்பது. அவன் ஒரு அடி உள்ளே வந்தால் இவர் அரை அடி பின்னால் போவார். அவன் கோபப்பட்டுப் பாய்கிற நொடியில் ஜாப், அதாவது முன்கையின் நேர்க்குத்து, விழும், அதன் பின்னாலேயே வலது கை. அதையும் தாண்டி உள்ளே வந்துவிட்டால்தான் கிளிஞ்ச், அதாவது கட்டிப்பிடிப்பது. குட்டையான எதிராளிக்கு நெருக்கம்தான் பலம், உயரமானவனுக்கு அதுதான் ஆபத்து. கையைக் கட்டி, தன் 110 கிலோவை அவன் கழுத்தில் சாய்த்து, நடுவர் பிரிக்கும் வரை நிறுத்தி வைப்பார். எட்டாவது ரவுண்டு வரும்போது அவனுக்குக் காலில் தெம்பு இருக்காது. இதைப் பன்னிரண்டு ரவுண்டும் கவனம் சிதறாமல் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது ரிங்கில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

எல்லாமே சரி என்று நான் வாதாடவில்லை. 2013இல் மாஸ்கோவில் போவெட்கினோடு நடந்த சண்டையில் அளவுக்கு மீறித்தான் சாய்ந்தார். நடுவர் பதினோராவது ரவுண்டில் ஒரு புள்ளி குறைத்ததை முன்பே செய்திருக்க வேண்டும். ஆனால் அதே சண்டையில் போவெட்கின் நான்கு முறை விழுந்தாரே, அது எங்கே?

இது இந்த ஒரு கட்டுரையோடு போகிற விஷயமாக இருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். முகமது அலிக்குப் பின் வந்த சாம்பியன் லாரி ஹோம்ஸ் பற்றி எழுதும்போதும், அவர் அலி இல்லை என்பதையே குறையாகச் சொன்னீர்கள். 2015 மே மாதம் மேவெதர் பாக்கியாவோவை ஜெயித்தபோது, ஓடி ஓடி ஜெயித்தார் என்று தலைப்புப் போட்டீர்கள். குத்துச்சண்டைக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் படங்களும் அப்படித்தான். புருவம் கிழிந்து ரத்தம் வழிகிற முகம் முழுப் பக்கத்தில் வரும். அடியே படாமல் ஜெயித்தவன் முகம் ஸ்டாம்ப் அளவுக்கு வரும். அப்புறம், வயதான வீரர்களுக்கு மறதி நோய் வந்துவிட்டது, பேச்சுக் குழறுகிறது என்று உருக்கமாகக் கட்டுரை போடுகிறீர்கள். மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928லேயே தலையில் வாங்கும் அடி மூளையை என்ன செய்கிறது என்று எழுதிவிட்டார். ஹெவிவெயிட் வீரர் ஜெர்ரி குவாரி 53 வயதில் செத்துப்போனார், கடைசியில் அவரால் தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியவில்லை. அவருடைய சண்டைகளை யாரும் சலிப்பு என்று எழுதியதில்லை.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் எட்டு வருடம் ரிங்கில் இருந்தவன். அமெச்சூர்தான், மூன்று ரவுண்டு சண்டைகள். ஒரு போட்டியில் இரண்டாவது ரவுண்டில் இடது ஹூக் ஒன்று, பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, காதுக்குக் கீழே விழுந்தது. கால் என்னுடையதாகவே இல்லை. எதிரில் இருந்தவனைக் கட்டிக்கொண்டேன். பத்து நொடி இருக்கும். கூட்டம் ஊளையிட்டது. அந்தப் பத்து நொடியில்தான் கண்ணில் வெளிச்சம் திரும்பியது. மூன்றாவது ரவுண்டை ஜாப் போட்டே எடுத்தேன், புள்ளியில் ஜெயித்தேன். மறுநாள் ஒரு பத்திரிகையில் என்னைப் பற்றி ஒரு வரி வந்தது. பயந்து ஒட்டிக்கொண்டு ஜெயித்தார் என்று. என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான். அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட தேவலை.

அடுத்த சண்டையில் நான் ஒரு முறைகூட கட்டிப்பிடிக்கவில்லை. என் கோச் மூலையிலிருந்து "பிடிடா, பிடிடா" என்று கத்தியது காதில் விழுந்தது. அவர் சொன்னபடி செய்யவில்லை. நின்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டோம், கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அன்றைக்குத்தான் என் இடது கண் போனது. பாதிப் பார்வைதான் இப்போதும். அந்தக் கைதட்டலைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. முட்டாள்தனமாக நின்றது நான்தான், அந்த நிருபர் இல்லை. ஆனால் அந்த வரியை எழுதும்போது அவர் என் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் என்று இத்தனை வருடம் கழித்தும் நினைக்கிறேன். போன இதழைப் படித்த இரவு மறுபடியும் நினைத்தேன்.

கிளிச்கோவுக்கு இந்தக் கடிதம் தேவையில்லை. 2017இல் 41 வயதில் வெம்ப்ளியில் ஆன்டனி ஜோஷுவாவோடு அவர் போட்ட சண்டை போதும். ஐந்தாவதில் விழுந்து எழுந்தார், ஆறாவதில் ஜோஷுவாவைப் படுக்க வைத்தார், பதினோராவதில் தோற்றார். தோற்ற அந்தச் சண்டைக்குத்தான் எல்லோரும் அவரைப் பாராட்டி எழுதினார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஜெர்மனியை விட்டு வெளியே வந்து பட்டத்தைப் பணயம் வைக்க அவருக்குத் தைரியம் இல்லை என்று அந்தக் கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. அது தவறு. பட்டத்தோடு நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 2008இல் இப்ராகிமோவோடும் 2015இல் ஜென்னிங்ஸோடும் சண்டை போட்டார். மாஸ்கோவை மேலே சொல்லிவிட்டேன், அது போவெட்கினின் சொந்த நாடு. அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். கடிதம் நீளமாகப் போய்விட்டது, என் கதையை வேண்டுமானால் வெட்டிவிடுங்கள். அந்த இரண்டு ஊர்ப் பெயரையும் வருடங்களையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்