தாழ்வாரத் தோட்டத்தில் வடியும் நீர் மீண்டும் செடிக்கே சேரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களிலும் மாடங்களிலும் தொட்டிச்செடி வளர்ப்போர் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். எந்தச் செடிக்கு எந்த உரம் என்று நிறையப் பேசுகிறோம். ஊற்றிய நீரில் ஒரு பங்கு தொட்டியின் அடியால் வடிந்து எங்கே போகிறது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த நீரை ஒரு மூடிய கலத்தில் சேர்த்து, சிறிய பம்ப் ஒன்றின் மூலம் மீண்டும் செடிகளுக்கே சொட்டுச் சொட்டாக அனுப்பும் சுழற்சிப் பாசனத்தை, குறிப்பாகத் தேங்காய் நார்த்தூளில் செடி வளர்ப்போர், சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலேயே அமைத்துக்கொள்ள முடியும், அமைத்துக்கொள்ளவும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அரைகுறையாக அமைத்தால் செடியும் கெடும், கொசுவும் பெருகும். ஆகவே இதைச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாய்களும் மழைநீர் வடிகால்களும் தனித்தனியானவை. கழிப்பறையிலும் சமையலறையிலும் நாம் ஊற்றுவது சுத்திகரிப்பு ஆலைக்குச் செல்கிறது. அதில் ஒரு பகுதி மேலும் தூய்மையாக்கப்பட்டுப் புதுநீராகிறது. மழைநீர் வடிகாலில் விழுவதோ, நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்கும் காரணத்தால், பெரும்பாலும் நம் 17 நீர்த்தேக்கங்களில் ஒன்றைச் சென்றடைகிறது. உரம் கலந்த நீர் வடிகால் வழியே நீர்த்தேக்கத்துக்குப் போனால், அதிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அங்கே பாசிக்கு உணவாகும். ஒரு வீட்டிலிருந்து போவது சிறிதளவுதான் என்றாலும், 2020ஆம் ஆண்டு தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை அனுப்பி உண்ணக்கூடிய செடிகளை வளர்க்க ஊக்குவித்த பிறகு எத்தனை புளோக்குகளில் கீரையும் கத்தரியும் வெண்டையும் காய்க்கத் தொடங்கின என்பதை எண்ணிப் பார்த்தால், இது அலட்சியப்படுத்தத்தக்க விஷயமில்லை. மண்ணில் வளர்ப்பவரைவிட நார்த்தூளில் வளர்ப்பவருக்கு இந்தப் பொறுப்பு கூடுதல். நார்த்தூளில் செடிக்கான உணவு ஏறக்குறைய இல்லை என்பதால் நீரோடு உரத்தைக் கரைத்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. வேரைச் சுற்றி உப்பு சேராமலிருக்க, கொடுப்பதில் பத்தில் ஒரு பங்காவது அடியால் வடியவும் விட வேண்டியிருக்கிறது. சுழற்சி முறை அந்த வடிநீரை வீணாக்காமல் பிடித்துக்கொள்கிறது.

முதலில் நார்த்தூளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன. கோக்கோபீட் என்ற பெயரில் கடைகளில் கட்டியாக விற்கப்படும் இது பெரும்பாலும் இலங்கையிலிருந்தும், தமிழ்நாட்டின் பொள்ளாச்சி போன்ற தென்னை வளம் மிக்க வட்டாரங்களிலிருந்தும் வருகிறது. எடை குறைவு, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கும், நனைந்திருக்கும்போதும் வேருக்குக் காற்று கிடைக்கும் என்ற மூன்று குணங்களும் மாடிவீட்டுத் தோட்டத்துக்காகவே அமைந்தவை. ஆனால் தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் மிகுதி; உவர்நீரில் ஊறவைக்கப்பட்ட மட்டையாக இருந்தால் சோடியம் இன்னும் கூடும். இந்த உப்புகளில் ஒரு பகுதி நார்த்தூளின் ஈரத்தில் கரைந்து கிடக்கிறது. மறுபகுதி துகள்களின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் நீரில் எத்தனை முறை அலசினாலும் முதல் பகுதி மட்டுமே போகும். ஒட்டியிருப்பதை விலக்க, அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கால்சியம் வேண்டும். அதனால்தான் நன்றாக அலசிய பின் கால்சியம் நைட்ரேட் கரைசலில், சிறிது எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேட்) சேர்த்து, ஓரிரவு ஊறவைத்து, வடித்து, மீண்டும் ஒருமுறை நல்ல நீரில் அலச வேண்டும்.

இதைச் செய்யாதவர்களின் செடிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும், மிளகாயின் இளந்தளிர் நுனி கருகும், முதிர்ந்த இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்ற இடமெல்லாம் மஞ்சளாகும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரம் போடுவார்கள். உண்மையில் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நார்த்தூள் தானே பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. சாதாரணத் தொட்டியில் அவ்வாறு வெளியேறும் சோடியம் வடிநீரோடு போய்விடும். சுழற்சி முறையில் அது எங்கும் போவதில்லை, கலத்துக்குத் திரும்பி வந்து மறுபடி வேருக்கே செல்கிறது. எனவே ஏற்கெனவே கால்சியத்தில் பதப்படுத்தியது என்று உறையில் குறிக்கப்பட்ட நார்த்தூளையே வாங்கினாலும், முதல் சில நாள் வடிநீரைச் சுழற்சியில் விடாமல் வெளியேற்றிவிடுவது நல்லது. நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் மின்கடத்துத் திறனை அளக்கும் பேனா வடிவக் கருவி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அலசிய நீரின் மின்கடத்துத் திறன் குழாய் நீரின் திறனை நெருங்கும்வரை அலச வேண்டும் என்பதே நம்பத்தக்க கணக்கு.

அடுத்தது பம்பும் சொட்டுவானும். வயல்களுக்காகச் செய்யப்படும், அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு நீரைச் சொட்டவிடும் அழுத்தச் சமன் சொட்டுவான்களை வாங்கி, மீன்தொட்டி பம்ப்பில் இணைத்துவிட்டு, நீர் வரவில்லையே என்று வருந்துவோர் பலர். அந்தச் சொட்டுவான்கள் சரியாக இயங்க ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம், அதாவது பத்து மீட்டர் உயர நீரின் அழுத்தம் தேவை. சிறிய மீன்தொட்டி பம்ப் பெரும்பாலும் இரண்டு மீட்டர் உயரத்துக்குமேல் தள்ளாது. உறையில் குறித்திருக்கும் அந்த உச்ச உயரத்தில் அதிலிருந்து ஒரு துளியும் வராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வீட்டு அமைப்புக்கு ஏற்றது எளிய வழிதான். பதினாறு மில்லிமீட்டர் கறுப்புக் குழாயை வளையமாக இரு முனைகளும் இணையும்படி ஓடவிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் நான்கு மில்லிமீட்டர் சிறுகுழாய் ஒன்றை இழுக்க வேண்டும். சிறுகுழாய்கள் அனைத்தும் ஒரே நீளத்தில் இருந்தால், குறைந்த அழுத்தத்திலும் எல்லாத் தொட்டிகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் போகும். பக்கத்துத் தொட்டிக்குக் குட்டையாகவும் தூரத்துத் தொட்டிக்கு நீளமாகவும் வெட்டுவதுதான் ஒரு செடி நனைந்து அழுகவும் இன்னொன்று காயவும் காரணமாகிறது. பம்ப்புக்கும் குழாய்க்கும் இடையே கழற்றிக் கழுவக்கூடிய வலை வடிகட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். நார்த்தூளின் நுண்துகள் வடிநீரோடு வந்துகொண்டேதான் இருக்கும்.

தொட்டிகள் கலத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும், வடிநீர் தானாக இறங்கி வர வேண்டும். முழங்கால் உயரப் பலகையின் மேல், மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சரிவுள்ள வடிகால் தட்டு போதுமானது. கலம் ஒளி புகாததாக இருந்தால் பாசி படராது. திரும்பி வரும் நீர் சிறிது உயரத்திலிருந்து கலத்துக்குள் விழுமாறு விட்டால் அதில் காற்றும் கலக்கும். இங்கே அது முக்கியம்: 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், நம் தாழ்வாரத்து 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். வெயில் படாத மூலையில் கலத்தை வைப்பது எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

கொசுவைப் பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 2020ஆம் ஆண்டில் இந்நாட்டில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். இருபது காசு நாணயம் அளவு நீர் தேங்கினாலும் அது முட்டையிடும். அந்த முட்டைகள் வறண்ட நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். சுழலும் நீரில் கொசு முட்டையிடாது என்று சொல்லிக்கொண்டு கலத்தைத் திறந்து வைப்பவர்களை நான் பார்க்கிறேன். பம்ப் ஒரு நாளில் ஓடுவது சில நிமிடங்கள் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அது தேங்கிய நீர்தான். கலத்துக்கு இறுக்கமான மூடி வேண்டும். திரும்பி வரும் குழாய் நுழையும் துளையிலும் மின்கம்பி வெளிவரும் துளையிலும் இடைவெளி இருக்கக் கூடாது, இருந்தால் நுண்வலையால் அடைக்க வேண்டும். வடிகால் தட்டும் மூடியதாகவே இருக்க வேண்டும், அதில் நீர் நிற்கும் பள்ளம் எதுவும் இருக்கக் கூடாது. இவ்வாறு செய்தால், வாரந்தோறும் கவிழ்க்க மறந்துபோகும் பூந்தொட்டித் தட்டுகளை நாம் அடியோடு நீக்கிவிடலாம். பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் சரியாக மூடிய சுழற்சி அமைப்பு பழைய தட்டு முறையைவிட மேலானது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கலத்திலுள்ள உரக் கரைசலைப் பராமரிப்பதும் பழகிவிட்டால் எளிது. வெயில் நாள்களில் செடி உரத்தைவிட நீரையே அதிகம் உறிஞ்சும் என்பதால் கலத்தில் மிஞ்சுவது அடர்த்தியாகும். அப்போது வெறும் குழாய் நீரை ஊற்ற வேண்டுமே தவிர, மேலும் உரம் கரைக்கக் கூடாது. காய்கறிச் செடிகளுக்கு மின்கடத்துத் திறன் 1.2 முதல் 2 மில்லிசீமென்ஸ் வரையிலும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 முதல் 6.5 வரையிலும் இருந்தால் நன்று. ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கரைசல் முழுவதையும் மாற்ற வேண்டும். பழைய கரைசலைத் தாழ்வாரத்து வடிகாலில் அல்ல, கழிப்பறையில் ஊற்ற வேண்டும். இந்த ஒன்றைத் தவறவிட்டால் முன்சொன்ன பயன் முழுதும் வீணாகும். பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் மண்ணுக்கு நல்லவை என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் அவற்றைச் சுழற்சிக் கலத்தில் ஊற்றினால் சிறுகுழாய்கள் அடைபடும், நாற்றம் அண்டை வீட்டாரைத் துன்புறுத்தும். நோயையும் மறக்கக் கூடாது. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய் ஒரு தொட்டியில் வந்தால், அதே நீர் எல்லாத் தொட்டிகளுக்கும் அதைக் கொண்டுபோகும். வாடிய செடியைத் தொட்டியோடு அன்றே அகற்றிவிட்டு, கரைசலைக் கொட்டிவிட்டு, கலத்தையும் குழாய்களையும் கிருமிநாசினியால் கழுவத்தான் வேண்டும்.

எல்லாச் செடிக்கும் இது ஏற்றதன்று. மிளகாய், கத்தரி, தக்காளி, கீரை, வெற்றிலை நன்கு வளரும். கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் ஒரு நீருக்கும் அடுத்த நீருக்கும் இடையே சற்றுக் காய்ந்திருப்பதை விரும்புபவை. அவற்றை இந்த வரிசையில் சேர்க்காமல் கையால் ஊற்றுவதே நலம். கூரையில்லாத சமூகத் தோட்டத்திலும் இதை அமைக்கும்முன் யோசிக்க வேண்டும், ஏனெனில் ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தொட்டிகள் வழியே மழைநீர் கலத்தில் இறங்கிக் கரைசலை நீர்த்துப்போகச் செய்து வழிந்தோடும். கூரையுள்ள தாழ்வாரமும் மாடமுமே இதற்கு உரிய இடங்கள்.

தாழ்வாரம் என்றால் விதிகளும் உண்டு. தீ விபத்தின்போது மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகல வழி எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும். பலகை, கலம், தொட்டி அனைத்தும் அந்த அளவுக்கு வெளியே அடங்க வேண்டும், சுவர் விளிம்பின் மேல் எதையும் வைக்கக் கூடாது. நடைபாதையின் குறுக்கே மின்கம்பி இழுக்கவும் கூடாது. வீட்டுக்குள்ளேயே செருகப்பட்ட 12 வோல்ட் பம்ப் போதும்.

சமூக மன்றங்களில் தோட்டக்கலை வகுப்புகள் நடக்கின்றன, ஆனால் இத்தகைய நுட்பங்களைத் தமிழில் செய்து காட்டும் வகுப்பு மிக அரிது. நம் தாழ்வாரங்களில் செடி வளர்ப்போரில் பெரும்பாலோர் மூத்தவர்கள். நாள்தோறும் வாளி தூக்கி நீர் ஊற்றுவது அவர்களுக்குச் சுமை, பிள்ளைகள் வீட்டுக்கு நான்கு நாள் சென்று தங்கினால் செடி வாடிவிடுமோ என்ற கவலை வேறு. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு சமூக மன்றம், கூரையுள்ள ஓர் இடத்தில், பத்துத் தொட்டிகள் கொண்ட மாதிரி அமைப்பொன்றை நிறுவி, நார்த்தூளை அலசுவதிலிருந்து கரைசலை மாற்றுவதுவரை தமிழில் செய்து காட்ட வேண்டும். நகர மன்றங்களும் இத்தகைய மூடிய அமைப்புக்குத் தாழ்வாரத்தில் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் அனுமதி என்பதை ஒரு படத்தோடு தெளிவாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், வீட்டுக்காரரும் அண்டை வீட்டாரும் சோதனைக்கு வரும் அதிகாரியும் ஒரே அளவுகோலை வைத்துப் பேச முடியும்.

இப்படிக்கு,
சமூகத் தோட்டத் தொண்டூழியர் ஒருவர்,
ஈசூன்