தறிக்காரர் மகன் நூலுக்கு ரூ.37,500 துண்டு விழுகிறது

அன்புடையீர், வணக்கம்.

நவம்பர் 29, பிரான்சிஸ்கோ பி இ மர்கால் மறைந்த நாள். அன்று நம் வாசகசாலை வெளியிடவிருக்கும் அவரது வாழ்க்கை வரலாற்றுக்கு இன்னும் ரூ.37,500 வேண்டும். 10ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் அச்சகத்தார் வேறு வேலையை ஏற்றிவிடுவார்கள்.

"யாரப்பா அந்த ஸ்பெயின்காரர்?" என்று இன்னும் கேட்கிறார்கள். 1824இல் பார்சிலோனாவில், நெசவுத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். (இதைச் சொன்னதும் நம் தெருப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்!) ஓவிய வரலாறு எழுதப்போய்த் திருச்சபையின் கோபத்துக்கு ஆளானார். 1866இல் பாரிசுக்குத் தப்பிப் போனார். அதிகாரம் மேலிருந்து கிள்ளிக் கொடுப்பதல்ல. ஊர்கள் கூடி மாகாணம், மாகாணங்கள் கூடி நாடு, எல்லாம் மனமொப்பிய ஒப்பந்தத்தால் என்பதே அவர் சொன்ன கூட்டாட்சி.

1873 ஜூன் 11இல் ஸ்பெயினின் முதல் குடியரசுக்குத் தலைவரானார். ஜூலையில் கார்த்தஹேனா முதலிய நகரங்கள் பொறுமையில்லாமல் தாங்களே தனி ஆட்சி அறிவித்தன. அவருடைய கொள்கையைச் சொல்லியே அவருக்கு எதிராகக் கிளம்பினார்கள்! படையை ஏவு என்று மறுபக்கம் நெருக்கடி. பேசித் தீர்க்கலாம், அரசியல் சட்டத்தை விரைந்து நிறைவேற்றலாம் என்றார், கேட்பாரில்லை. 37 நாளில் பதவி விலகினார். பிற்காலத்தில் நாடே போர் வெறியில் கூவியபோது, ஸ்பெயினின் பிடியில் இருந்த கியூபாவுக்கு விடுதலை கொடுங்கள் என்றார். அந்தத் துணிச்சலுக்காகவே இந்த நூல்.

128 பக்கம், எட்டு ஃபாரம் (அச்சில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்), 500 பிரதி. தாள், அச்சு, கட்டுமானம் ரூ.64,000. பக்க வடிவமைப்பு ரூ.14,000. ஸ்பானிய மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியவருக்கு ரூ.12,000. ஆக ரூ.90,000. வந்தது ரூ.52,500.

தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஓய்வூதியம் வந்த அன்றே உறையோடு வந்த தமிழாசிரியர், பாவு ஓட்டிய கூலியில் நூறு ரூபாய் முடிந்து கொண்டுவந்த ஆத்தா, பிறந்தநாள் கேக்கை விட்டுவிட்டு ஐந்நூறு தந்த பள்ளிப் பிள்ளை, பெயரே வேண்டாம் என்று பத்தாயிரம் வைத்துவிட்டுப் போன அன்பர், எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். சரஸ்வதி பூஜையன்று கையெழுத்துப் பிரதிக்குச் சந்தனம் வைத்தோம். மாட்ரிட்டில் மதச்சார்பற்ற கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் மனிதர் இதற்குச் சிரித்திருப்பார், பெரியவர்கள் விடவில்லை.

நோட்டில் தொகை எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் பதினொரு பேர். பெயர் போடவில்லை, அவர்களுக்கே தெரியும். திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரே இரவில் இதைவிட அதிகம் கொடுத்த தெரு இது என்பதையும் மறக்க வேண்டாம்.

மாலை ஆறு முதல் எட்டு வரை பொருளாளர் வாசகசாலையில் இருப்பார். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழு