சாய்ந்த பைக்கும் அவசரப் பாலிஷும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழையில் மண் இளகி சைடு ஸ்டாண்ட் புதைந்தால், நிறுத்தி வைத்த பைக் சாய்ந்துவிடும். கீறலைக் கண்டதும் பலர் பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டை எடுத்துவிடுகிறார்கள். முதலில் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் கீறல் மேல்பூச்சோடு நின்றிருக்கிறது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள்) சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, பிறகு காம்பவுண்டும் பாலிஷும் போட்டால் மறைந்துவிடும். விளிம்புகளில் அழுத்தக் கூடாது. அங்கே பெயிண்ட் மெலிது, சட்டென்று அடிப்பூச்சான பிரைமர் தெரிந்துவிடும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டுக்குக் காம்பவுண்டே ஆகாது. தேய்த்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். அந்தப் பாகம் முழுவதையும் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

டேங்கில் தகரம் தெரிந்தால் துரு ஏறுமுன் பிரைமர் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பேனலுக்கு அந்த அவசரமில்லை. வளைந்த கிளட்ச் லீவரைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தித் தரும் கடைக்காரர்களை என்ன சொல்வது! அலுமினிய வார்ப்பு அது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, நெரிசலில் ஒடியும். புதிதே போடுங்கள்.

இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கேட்பது பெரும்பாலும் நட்டம். சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பங்கு) 20 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும் நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி, பறிபோகும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமே 50 சதவீதம் கழித்துவிடுவார்கள்.

– வாசகர், மதுரை