பிஜினை மாற்றாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நாடகத்தைப் படித்துவிட்டேன். அம்மா எனக்கு முன்னாலேயே படித்துவிட்டு, லிஃப்ட் காட்சியில் வருகிற கிழவி நம் நாலாம் மாடி ஆன்டிதானே என்று கேட்டாள். நான் பிடிகொடுக்கவில்லை. அதை நீயே சொல்லிக்கொள்.

சிகாகோவில் உன் நாடகப் பட்டறை ஆசிரியர் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. பிஜின் வசனம், அதாவது நம் ஹவாயில் எல்லோரும் பேசுகிற கலப்புப் பேச்சு, அங்கே யாருக்கும் புரியாது, ஒழுங்கான ஆங்கிலமாக்கு, இல்லாவிட்டால் ஒரு தாளில் அர்த்தம் அச்சடித்துக் கொடு என்றாராம். அவர் ஊருக்கு அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நீ இதை யாருக்காக எழுதினாய்? முதலில் அதை முடிவு பண்ணு.

மெர்ச்சன்ட் தெருவும் பெத்தெல் தெருவும் சேருகிற முனையில், 1871இல் கட்டிய பழைய தபால் நிலையத்துக்குள் இருக்கிறதே குமு கஹுவா அரங்கம், உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட நாளில் கூட்டிப்போனேன், நீ பாதி நேரம் தூங்கினாய். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழக மாணவர்களும் டென்னிஸ் கேரல் என்ற பேராசிரியரும் சேர்ந்து ஆரம்பித்தது. வெளியூரில் வெற்றி பெற்ற நாடகத்தை இங்கே திரும்பப் போடுவதை விட்டுவிட்டு, தீவு வாழ்க்கையைத் தீவுக்காரர்கள் எழுதி அவர்களே நடிக்கட்டும் என்று பிடிவாதமாக நின்று அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டார்கள். உள்ளே நூறு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். அலோஹா சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்து உட்காருகிறார்கள். நடிக்கிறவரில் யாராவது ஒருவர், பார்க்க வந்தவர் யாருக்காவது சித்தப்பாவாகவோ மச்சானாகவோ இருப்பார்.

போன மாதம் நானும் அம்மாவும் போயிருந்தோம். ஒரு பெண் தன் காதலனை முதல்முறை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சோற்றுக் கரண்டியைக் கீழே வைக்காமலே, "வாட் ஸ்கூல் யூ வென் கிராட்?", எந்தப் பள்ளியில் படித்து முடித்தாய் என்று கேட்டாள். அரங்கமே அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த சுற்றுலா தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தாமதித்து மரியாதைக்குச் சிரித்தார்கள். புனஹோவா, ஃபாரிங்டனா, கஹுக்குவா என்று தெரிந்துவிட்டால் பையன் எந்தப் பக்கம், வீட்டில் வசதி எப்படி, யாருக்கு உறவு என்று பாட்டி கணக்குப் போட்டுவிடுவாள் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? யாரும் சொல்லவும் இல்லை. சொல்லாததால் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை, இடைவேளைக்குப் பிறகு அவர்களும் எங்களோடு சேர்ந்து நேரத்துக்கே சிரித்தார்கள். உன் ஆசிரியரிடம் இதைச் சொல்.

கரும்புத் தோட்டத்தில் சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள், ஹவாயியர் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டியிருந்தது. அங்கே பிறந்த பேச்சு, பேரப்பிள்ளைகள் காலத்தில் தாய்மொழியாகவே ஆகிவிட்டது. அதைக் கெட்ட ஆங்கிலம் என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1987இல்கூடக் கல்வி வாரியம் வகுப்பறையில் பிஜின் கூடாது என்று சொல்லப்பார்த்து, பெரிய எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டது. வகுப்பில் வாயைத் திறக்கத் தயங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ. அந்தப் பேச்சுக்கு மேடையில் விளக்கு போட்டுக் கொடுத்த குமு கஹுவாவுக்கு நீ உன் வசனத்தைத் திருத்தாமலே அனுப்பலாம்.

சரி, இனி என் குறை. மூன்றாம் காட்சியில் இரவு ஊர்வலம் போகும் பழைய வீரர்களின் ஆவிகளை மேடைக்கே கொண்டுவந்திருக்கிறாய். பறையொலி, தீப்பந்தம் எல்லாம். அதை எடுத்துவிடு. ஆன்டி எப்படிச் சொல்வாள்? வராந்தாவில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, பறைச் சத்தம் கேட்டால் குப்புறப் படுத்துக்கொள், நிமிர்ந்து பார்க்காதே என்பாள். உனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும், அப்புறம் தனியாக லிஃப்ட் ஏறமாட்டாய். இங்கே 'டாக் ஸ்டோரி' என்று சொல்வது அதைத்தானே. பார்க்கக்கூடாது என்று சொல்லப்பட்டதை வேஷம் போட்டுக் காட்டினால் பயமும் போய்விடும், மரியாதையும் போய்விடும். அவள் வாயாலேயே கதையாக வரட்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நீ இங்கே பிறந்து வளர்ந்தவள், இந்த ஊர்ப் பெண், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நாம் இந்தத் தீவுகளின் ஆதிக்குடிகளான ஹவாயியர் இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால், 1993 ஜனவரியில், ஹவாயின் கடைசி ராணி லிலியுவொகலானியின் ஆட்சியைக் கவிழ்த்து நூறு வருஷம் ஆனபோது, விக்டோரியா நலானி நியூபூல் எழுதிய நாடகத்தை இயோலானி அரண்மனை வளாகத்திலும் சுற்றுவட்டாரத்திலும், அதெல்லாம் நடந்த இடங்களிலேயே, ஐந்து நாள் நடித்தார்கள். ஆளுநர் வைஹேயே அந்த நாட்களில் அரசுக் கட்டடங்களில் அமெரிக்கக் கொடி வேண்டாம், ஹவாய்க் கொடி மட்டும் பறக்கட்டும் என்று சொல்லியிருந்தார். நான் வேலைக்கு வந்த புதுசு, கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். என்னைச் சுற்றி வயதானவர்கள் வெளிப்படையாக அழுதார்கள். நாடகம் பார்த்து அழுகிற அழுகையாக அது தெரியவில்லை, துக்க வீட்டு அழுகையாக இருந்தது. 1896 சட்டத்தால் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே போன ஹவாயியர் மொழியில், 2015இல் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாகத்தில் உள்ள கென்னடி அரங்கில் லாயியிகவாய் என்ற பழைய ஹவாய்க் கதையை முழுநீள நாடகமாகவே போட்டார்கள். அந்தக் கதைகளைச் சொல்ல அவர்கள் இருக்கிறார்கள். நீ நாலாம் மாடியைச் சொல். அதை உன்னைவிட நன்றாகச் சொல்ல இன்னொருத்தி கிடையாது.

குமு கஹுவாவும் பல்கலைக்கழக நாடகத் துறையும் சேர்ந்து நாடகம் எழுதும் போட்டி நடத்திவருகிறார்கள். அதில் ஹவாய்ப் பரிசு என்று ஒன்று உண்டு. கதை இந்தத் தீவுகளைப் பற்றி இருந்தால் போதும், எழுதுகிறவர் இங்கே குடியிருக்க வேண்டும் என்று இல்லை. கடைசித் தேதியையும் விதிகளையும் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள், என்னை நம்பாதே. பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பாட்டியின் அந்தக் கேள்வி புரிகிற யாராவது ஒருவர் உன் வசனத்தைப் படிப்பார்.

மூன்றாம் காட்சியைத் திருத்தியதும் எனக்கு அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வை, அம்மா என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு படிக்கிறாள். ஆன்டிக்கும் ஒரு பிரதி வேண்டுமாம். நான் சொல்லவில்லை, அம்மாதான் உளறிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா