கோச்சுக்குத் தனிச் சம்பளம், மொழிபெயர்க்கும் ஆசிரியருக்கு நன்றி அட்டை: அமெரிக்கப் பள்ளி வாரியம் ஒன்றுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டப் பள்ளி வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம் தெரியாத பெற்றோரோடு பள்ளி பேச உதவும், நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை வரும் ஆண்டு பட்ஜெட்டில் நீக்கிவிட்டீர்கள். கூடவே எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிருக்கிறது. இன்னொரு மொழி தெரிந்த ஆசிரியர்கள் ‘தன்னார்வலர்’ பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டுமாம். பட்டியலில் யார் யார் பெயர் வரும் என்று உங்களுக்கும் தெரியும். ஸ்பானிஷ், அரபு, ஹெய்ட்டியன் கிரியோல், தெலுங்கு, தமிழ் பேசும் ஆசிரியர்கள். இந்த மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளையரல்லாத ஆசிரியர்களில் பெரும்பாலோர்.

நாங்கள் கேட்பது இதுதான். மொழிபெயர்ப்பும் ஒரு வேலை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆளை அமர்த்துங்கள். ஆசிரியரைத்தான் கூப்பிடுவீர்கள் என்றால், அவருக்கு நேரமும் சம்பளமும் கொடுங்கள்.

ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) கூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த ஆண்டு என்னென்ன உதவி, வாரத்துக்கு எத்தனை நிமிடம், வகுப்பறையிலா தனி அறையிலா என்று முடிவாகும் கூட்டம் அது. காலண்டரில் ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியில் சொல்ல வேண்டியிருப்பதால் இரண்டு மணி நேரம் ஆகும். முறைப்படி செய்தால் அந்தத் திட்டத்தின் வரைவை முன்கூட்டியே வாங்கிப் படிக்க வேண்டும், பரிசோதனை அறிக்கையில் உள்ள சொற்களுக்குத் தயாராக வேண்டும், சொன்னது எதையும் விடாமல் சுருக்காமல் சொல்ல வேண்டும். நடப்பது என்ன? பாடத் தயாரிப்புக்கான பீரியடில் இருக்கும் ஆசிரியரை ஆபீஸிலிருந்து அழைக்கிறார்கள். வரைவை அவர் அந்த மேஜையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். பேச்சுப் பயிற்சியாளர் மூன்று நிமிடம் பேசுவார்; பெற்றோர் காதில் விழுவது இரண்டு வாக்கியம். வாரம் அறுபது நிமிடமாக இருந்த பயிற்சி முப்பதாகக் குறைந்தது அந்த இரண்டு வாக்கியத்தில் ‘பயிற்சி தொடரும்’ என்று ஆகிவிடும். அம்மா கையெழுத்துப் போடுவார். இதில் ஆசிரியர் மேல் குற்றமில்லை. கணக்கு நடத்தத் தேர்வானவர் அவர். மொழிபெயர்க்க யாரும் அவருக்குப் பயிற்சி தரவில்லை.

இதைவிடச் சங்கடமான ஒன்றும் உண்டு. பெற்றோருக்கும் பள்ளிக்கும் கருத்து வேறுபாடு வந்தால், நடுவில் உட்கார்ந்திருப்பவர் பள்ளியின் ஊழியர். எதிரே இருப்பது அவருடைய தலைமையாசிரியர். ‘நீங்கள் கையெழுத்துப் போடாமலும் இருக்கலாம்’ என்பதை அவர் எவ்வளவு அழுத்திச் சொல்வார்? வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகாத, டென்யூர் (பணி நிரந்தரம்) கிடைக்காத ஆசிரியராக இருந்தால்?

கூட்டத்தில் நடப்பது பெற்றோருக்குப் புரியும்படி செய்வது பள்ளியின் கடமை, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும் அதில் சேரும் என்று சிறப்புக் கல்விச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. பயிற்சியில்லாத பள்ளி ஊழியர்களையும் பிள்ளைகளையும் நம்பிச் சமாளிக்கக் கூடாது என்று 2015 ஜனவரியில் ஃபெடரல் அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 ஆகஸ்டில் அது திரும்பப் பெறப்பட்டது உண்மைதான். திரும்பப் பெற்றது வழிகாட்டுதலை மட்டுமே. அதற்கு அடிப்படையான 1964ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டமும் 1974இன் சம கல்வி வாய்ப்புச் சட்டமும் அப்படியே இருக்கின்றன. உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு மட்டும் மணிக் கணக்கில் தவறாமல் கொடுக்கிறீர்கள்.

பணமில்லை என்பீர்கள். ஆசிரியர் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் கூடுதல் பணிகளுக்கான சம்பளப் பட்டியல் இருக்கிறது. ஃபுட்பால் கோச், உதவி கோச், நாடகம், ஆண்டு மலர் எல்லாவற்றுக்கும் அதில் தனித் தொகை. கொடுக்க வேண்டியதுதான், அதுவும் உழைப்புதானே. மொழிபெயர்ப்புக்கு மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. மே மாதம் ஆசிரியர் வாரத்தில் நன்றி அட்டையும் டோனட்டும் வரும், மறுக்கவில்லை.

மொழியோடு நிற்கும் விஷயமும் அல்ல இது. வகுப்பில் தகராறு செய்யும் கறுப்பினப் பையனைக் கறுப்பின ஆசிரியரின் வகுப்புக்கு அனுப்பிவைப்பதும், பன்முகத்தன்மைக் குழு என்றால் அதே நான்கு பேரைக் கூப்பிடுவதும் இதே கணக்கில்தான் வரும். இதைக் ‘கண்ணுக்குத் தெரியாத வரி’ (இன்விசிபிள் டாக்ஸ்) என்று 2016இல் எழுதியவர் அப்போதைய கல்விச் செயலர் ஜான் கிங். ஆசிரியர்களில் சுமார் 80 சதவீதம் பேர் வெள்ளையர், மாணவர்களில் பாதிக்கும் மேல் வெள்ளையரல்லாதவர் என்ற நாட்டில் அந்த வரி சிலர் தலையில் மட்டும் விழுகிறது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 பிரவுன் தீர்ப்புக்குப் பின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்களைச் சேர்க்கவில்லை. சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். இப்போது ஆசிரியர் பயிற்சிக்கான சுமார் 600 மில்லியன் டாலர் ஃபெடரல் மானியத்தை 2025 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். உச்ச நீதிமன்றமும் ஏப்ரலில் ஐந்துக்கு நான்கு என்று அதற்கு இடைக்காலமாக வழிவிட்டது. புதியவர்கள் வரும் வழி குறுகுகிறது. இருப்பவர்களையாவது சலிப்படைய வைத்து அனுப்பாமல் இருக்கலாமே! ஆரம்ப வகுப்புகளில் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடம் படித்த கறுப்பினப் பிள்ளைகள்கூடப் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம் அதிகம் என்று டென்னசி மாநிலத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. உங்கள் இணையதளத்தின் ‘சமத்துவம்’ பக்கத்தில் இதைப் போட்டால் பொருத்தமாக இருக்கும்.

மன்னிக்கவும், வாரியத்தின் அதிகாரத்துக்கு வெளியே போய்விட்டோம். உங்கள் கையில் இருப்பதை மட்டும் பணிவுடன் கேட்கிறோம். தொலைபேசிச் சேவையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வீட்டுப்பாடம், வருகைப்பதிவு போன்ற சின்ன அழைப்புகளுக்கு அது போதும். ஐ.இ.பி., இடைநீக்க விசாரணை இரண்டுக்கும் வெளியிலிருந்து பயிற்சி பெற்றவர் நேரில் வரட்டும். வரைவு அவர் கைக்கு மூன்று வேலை நாள் முன்னதாகப் போகட்டும். ஆசிரியரை அழைத்தே தீரவேண்டும் என்றால், அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தயாரிப்பு நேரத்தையும் கூட்டத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் போன்களையும் சேர்த்து மணிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தப் பட்டியலில் எழுதுங்கள். இழந்த பீரியடை அதே வாரத்தில் திருப்பிக் கொடுங்கள். மறுப்பவரின் ஆண்டு மதிப்பீட்டில் அதைக் குறையாக எழுதக் கூடாது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

தற்போதைய ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிகிறது. அதற்கு முந்தைய ஏதேனும் ஒரு பொதுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மொழிபெயர்ப்பு வேலைதான். வேலைக்குச் சம்பளம் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாவட்டத்தின் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் சிலர்

பி.கு.: எந்த மொழியிலும் உங்களுக்கு எழுதலாம் என்று உங்கள் இணையதளம் சொல்வதால் தமிழில் எழுதியிருக்கிறோம். தயவுசெய்து இதை மதிய உணவு நேரத்தில் தமிழாசிரியர் யாரிடமும் நீட்ட வேண்டாம்.