விளக்கு மாட்டும் முன் ஸ்டேட்டரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்தடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட டிரெயில் பைக்கைச் சாலை வண்டியாக மாற்றுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர், கண்ணாடி எல்லாம் சேர்ந்த ஒரு கிட்டை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று அதைப் படிப்பவர்கள் நினைக்கக்கூடும். இந்த வேலையிலேயே இருப்பவர்கள் நாங்கள். கிட் வாங்குவது மூன்றாவதாகச் செய்ய வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது பத்திரம், அடுத்தது ஸ்டேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் காயில் தொகுதி. வரிசை மாறினால் பணமும் வீண், காயிலும் கருகும்.

சேசிஸில் தயாரிப்பாளர் ஒட்டிய ஸ்டிக்கரையும் வண்டியின் உரிமைப் பத்திரத்தையும் முதலில் படிக்க வேண்டும். சாலையில் ஓட்டுவதற்கு அல்ல என்று அவற்றில் இருந்தால், பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். அமெரிக்காவில் இந்த விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் தேவையான பாகங்களைப் பொருத்தி ஆய்வுக்குக் காட்டினால் பதிவு கிடைக்கும்; கலிபோர்னியாவில் புகை விதிகள் மிகக் கடுமை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வகை ஒப்புதலே (அந்த மாடல் சாலை விதிகளுக்குப் பொருந்துகிறது என்ற சான்று) பெறாத வண்டிக்கு நான்கு இண்டிகேட்டர் மாட்டினால் ஒப்புதல் வந்துவிடாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒப்புதல் பெற்ற டூயல் ஸ்போர்ட் (சாலைக்கும் மண்தடத்துக்கும் ஆன) வண்டியை வாங்குவதுதான் சரி என்பது எங்கள் கருத்து. சுசுகி டிஆர்-இசட்400 போல ஒரே எஞ்சினில் மண்தடத்துக்கு ‘ஈ’, சாலைக்கு ‘எஸ்’ என இரண்டு வடிவங்கள் வந்த மாடல் என்றால், சாலை வடிவத்தின் உதிரிபாகப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

சட்டம் இடம் கொடுத்தால் அடுத்தது மின்சாரம். மோட்டோகிராஸ் (மண்தடப் பந்தய) வண்டிகள் பலவற்றில் விளக்குக்கு மின்சாரம் தரும் லைட்டிங் காயிலே இருக்காது. ஸ்டேட்டர் தருவது இக்னிஷனுக்கு மட்டும்தான் போதும். டிரெயில் வண்டிகளில் காயில் இருக்கும், ஆனால் அதன் ஒரு முனை பெரும்பாலும் உள்ளேயே எர்த் ஆகியிருக்கும், அதாவது வண்டியின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். ஹெட்லைட்டை ஏசியிலேயே எரிப்பதற்கு அது போதும். பேட்டரி, டிசி ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் வேண்டுமென்றால் ஏசியின் இரு பாதிகளையும் டிசியாக மாற்றும் ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் தேவை. எர்த் ஆன காயிலில் அதை அப்படியே இணைத்தால், ஒவ்வொரு சுற்றின் எதிர்ப் பாதியிலும் மின்சாரம் எர்த்திலிருந்து ரெக்டிஃபையரில் உள்ள ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வழியாக நேராகக் காயிலுக்கே திரும்பும். பாதி நேரம் காயில் ஷார்ட்டில் நிற்கிறது என்று அர்த்தம். முதலில் டயோடு போகும், அல்லது காயில் கருகி நாற்றமடிக்கும்.

சரியான முறை இதுதான். ஸ்டேட்டரைச் சுற்றிச் சுழலும் காந்தச் சக்கரமான ஃப்ளைவீலை அதற்குரிய புல்லரால் கழற்றி, ஸ்டேட்டரை வெளியே எடுத்து, இரும்பு உடலோடு சால்டர் செய்திருக்கும் காயில் முனையைப் பிரிக்க வேண்டும். வெப்பம் தாங்கும் புதிய வயரை அந்த முனையில் சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, அதிக வெப்பம் தாங்கும் எபாக்ஸியால் மூட வேண்டும். எண்ணெயில் நனையும் ஸ்டேட்டர் என்றால் ஸ்லீவும் எபாக்ஸியும் எண்ணெயையும் தாங்க வேண்டும். பிறகு இரு முனைகளும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரின் இரண்டு மஞ்சள் வயர்களுக்குப் போகும். இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து, எந்த முனைக்கும் எர்த்துக்கும் தொடர்பு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். காயிலைப் புதிதாகச் சுற்றுபவர்கள் எதிரெதிர்த் திசை விதியை மறக்கக் கூடாது. ஒரு துருவத்தில் (காயில் சுற்றும் இரும்புக் கை) வலஞ்சுழியாகச் சுற்றினால் அடுத்ததில் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தத் துருவத்தின் மின்னழுத்தம் மற்றவற்றின் அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

வாட் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். சாதா பல்பு என்றால் ஹெட்லைட் 35, டெயில் 5, பிரேக் 21, ஒரு பக்க இண்டிகேட்டர் இரண்டும் சேர்ந்து 20 என்று 81 வாட் ஆகிறது. ஹாரன் இதற்கு மேல். பல டிரெயில் வண்டிகளின் லைட்டிங் காயில் அந்த அளவுக்குத் தராது. வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் அதன் பாதிகூட வராது. அதனால்தான் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கி, பிரேக்கை அழுத்தியதும் இண்டிகேட்டரும் நின்றுபோகிறது. எல்லாவற்றையும் எல்இடி ஆக்கினால் மொத்தமே 30 வாட்டுக்குள் அடங்கும். ஆனால் ஹெட்லைட் சாலைக்கான ஒப்புதல் முத்திரை பெற்றதாகவும், லோ பீமில் ஒளி மேலே சிதறாததாகவும் இருக்க வேண்டும். வெறும் லைட் பார் ஆய்வில் தேறாது, எதிரே வருபவர் கண்ணையும் கூசவைக்கும். இரண்டு முதல் நான்கு ஆம்பியர்-மணி பேட்டரி போதும். நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் எஞ்சின் ஓடும்போது அதன் முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் சரியில்லை. பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் போட வேண்டும்.

பிரேக் லைட் முன் லீவருக்கும் பின் மிதிக்கும் தனித்தனியாக எரிய வேண்டும். இதற்கு எளிய வழி, மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் குழாயைப் பிடித்திருக்கும், உள்ளே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டை எடுத்துவிட்டு, ஸ்விட்ச் பொருத்திய பேஞ்சோ போல்ட்டைப் போடுவது. இங்கேதான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டில் புரிக்கும் புரிக்கும் இடைவெளி 1.0, 1.25 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஜப்பானிய வண்டிகளில் 1.25, இத்தாலிய பிரேக் தயாரிப்பாளரான பிரெம்போவின் சிலிண்டர்களில் 1.0 என்பது பொதுவான வழக்கம். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று சுகமாக இறங்கி, பிறகு அலுமினியப் புரியைச் சீவிவிடும். சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான். புரி அளவைக் கேஜ் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். இருபுறமும் புது வாஷர் போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கே முறுக்கி, காற்று முழுவதும் வெளியேறும் வரை பிளீட் செய்ய வேண்டும். லேசாகப் பிடித்தாலே லைட் எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அழுத்திப் பிடித்தால்தான் எரியும் என்றால், பின்னால் வருபவருக்கு அந்த லைட் பயன்படாது.

எல்இடி இண்டிகேட்டருக்கு, அதை மின்னவைக்கும் பழைய ஃப்ளாஷர் ஒத்துவராது. வேகமாக அடிக்கும், இல்லையென்றால் அடிக்கவே அடிக்காது. பல்பின் வாட் எதுவானாலும் ஒரே வேகத்தில் மின்னும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வேண்டும். மீட்டரில் இரு பக்கத்துக்கும் இண்டிகேட்டர் எரிவதைக் காட்டும் ஒரே பைலட் பல்பு இருந்தால், அதன் வழியாக மின்சாரம் மறுபக்கத்துக்குக் கசிந்து நான்கும் சேர்ந்து மின்னும். அந்தப் பல்பின் ஒரு முனையை எர்த் செய்து, இடத்திலிருந்தும் வலத்திலிருந்தும் ஒவ்வொரு 1என்4007 டயோடு வழியாக மறு முனைக்குக் கொடுத்தால் தீரும்.

வயரிங் முடிந்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் தலைப்பகுதியில் வயர் இழுபட்டால் ஓரிரு மாதத்தில் உள்ளே கம்பி அறும். வெளியே உறை நன்றாகவே தெரியும் என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதைவிட அதிகமாக விடுபடுவது பின் சஸ்பென்ஷன் சோதனை. இந்த வண்டிகளின் பின்சக்கரம் 300 மில்லிமீட்டர் வரைகூட மேலே ஏறும். ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுவதும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். நம்பர் பிளேட்டுக்கும் டெயில் லைட் வயருக்கும் டயர் எட்டாமல் இருந்தால்தான் சரி. எட்டினால் முதல் பெரிய பள்ளத்திலேயே பிளேட்டை டயர் கவ்விக்கொள்ளும்.

டயரின் பக்கச் சுவரையும் படியுங்கள். சாலைக்கு அல்ல என்று அச்சிட்ட, பெரிய ரப்பர் கட்டைகள் துருத்தும் டயர்கள் ஆய்வில் தள்ளுபடியாகும். அமெரிக்காவில் டாட் (போக்குவரத்துத் துறையின் சுருக்கம்), ஐரோப்பாவில் வட்டத்துக்குள் ஈ என்ற முத்திரை வேண்டும். 19 அங்குலப் பின் ரிம்முக்குச் சாலை முத்திரை உள்ள டயர் கிடைப்பது அரிது என்பதால் 18-க்கு மாறுவது நல்லது. செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் முன்னே 13, பின்னே 50 (13-50) என்றிருந்தால் 14-48 போடலாம். அதே வேகத்தில் எஞ்சின் சுற்று ஏறத்தாழ 11 சதவீதம் குறையும். கண்ணாடி, ரிஃப்ளெக்டர், சைடு ஸ்டாண்ட் எல்லாம் அரை நாள் வேலை. ஸ்பீடோமீட்டருக்கு, ஆள் உட்கார்ந்த நிலையில் முன்சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி, தரையில் அளந்து அந்த எண்ணைப் பதிய வேண்டும்.

எஞ்சினைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒன்றுமே இல்லை. மோட்டோகிராஸ் எஞ்சின்களில் எண்ணெய் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். மாற்றும் காலம் மணிக்கணக்கில் சொல்லப்படும், கிலோமீட்டரில் அல்ல. சாலையில் ஓட்டுபவர்கள் எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் ஒன்று மாட்டியே ஆக வேண்டும். பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு ஃபேன் கிடையாது. நெரிசலில் நின்றால் கூலன்ட் கொதித்து வெளியேறும். ஃபேன் சேர்த்தால் அதன் வாட்டையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். பின் ஹப்பில் அதிர்வு தாங்கும் ரப்பரும் பெரும்பாலும் இருக்காது, அதனால் தார்ச்சாலையில் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சீக்கிரம் தேயும். மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், விபத்து நேரும் நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

இந்தப் பொருள் பற்றி மீண்டும் எழுதும்போது ஒரு வயரிங் படத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். காயிலின் இரு முனைகளும் எர்த்தைத் தொடாமல் ரெக்டிஃபையருக்குப் போவது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மின்பணியாளர்கள் சிலர்