மூல நிரல் வேறு, நோயாளி விவரம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவக் காப்பீடு பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், ‘திறமூல மென்பொருளுக்கு மாறினால் நோயாளிகளின் விவரங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்’ என்று ஒரு வரி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த கட்டளைகள்தான் மூல நிரல். அதை யாரும் படிக்கவும், மாற்றவும், பயன்படுத்தவும் விட்டால் அது திறமூலம். அந்த நிரல் வேறு, அதில் ஏற்றும் விவரம் வேறு என்பது உங்களுக்குத் தெரியாததா? வருமானச் சான்றுக்கான படிவம் எல்லா ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கிறது. அதனால் என் வருமானம் ஊருக்கே தெரிந்துவிடுகிறதா?

மூன்று வருடம் முன்பு என் மனைவிக்கு இதயத்தில் அடைப்பு. காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ‘பென்டிங் காட்டுது, அப்புறம் வாங்க’ என்றார்கள். இரண்டு நாள் கழித்து ‘ரிஜெக்ட் காட்டுது’ என்றார்கள். காரணம் கேட்டால் அங்கிருந்த பெண்ணுக்கும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், திரையில் வந்ததைத்தான் அவர் படித்தார். ரேஷன் கார்டில் இருந்த இனிஷியல் ஆதாரில் இல்லை என்பது எட்டாம் நாள்தான், வேறோர் அலுவலகத்தில், தெரிய வந்தது. அந்த எட்டு நாளும் அவள் கட்டிலில் படுத்தபடி, ‘பணம் கட்டச் சொல்லிட்டாங்களா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் வளையலை அடகு வைத்துத்தான் ஸ்டென்ட் வைத்தோம்.

இனிஷியல் பொருந்தாவிட்டால் மறுத்துவிடு என்று அந்த மென்பொருளில் யாரோ ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு யார் ஒப்புதல் தந்தது? அரசாணையைப் படிக்கலாம், பட்ஜெட்டைப் படிக்கலாம். என் மனைவியின் உயிரோடு விளையாடிய விதியை மட்டும் நான் படிக்கக் கூடாதா?

நேபாளத்தில் 2016-ல் கைலாலி மாவட்டத்தில் தொடங்கிய அரசு சுகாதாரக் காப்பீடு, ஓப்பன்ஐஎம்ஐஎஸ் என்ற திறமூல மென்பொருளில்தான் ஓடுகிறது. அந்த மென்பொருள் தான்சானியாவில் சமுதாய சுகாதார நிதிக்காக எழுதப்பட்டதிலிருந்து வளர்ந்தது. உறுப்பினர் பதிவு, மருத்துவமனை அனுப்பும் பில், அதைச் சரிபார்க்கும் விதி எல்லாமே அதில் உண்டு. நிரலை யாரும் படிக்கலாம். நோயாளியின் விவரம் அவர்கள் சர்வரில் தனியாக இருக்கிறது. நம் மத்திய அரசும் 2015-லேயே திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று கொள்கை வெளியிட்டதே, அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

நிரலை மூடிவைத்தால் பாதுகாப்பு என்கிறீர்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் இருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் சொன்னார். அடையாளம் சரிபார்க்க செல்போன் எண் தேவையில்லை என்று விளக்கம் வந்தது. சரி, இருக்கட்டும். பத்து ஒன்பதுகளை அப்படியே வாங்கிக்கொள்ளும் நிரல் வெளியில் இருந்திருந்தால், ஒரு கல்லூரி மாணவர் முதல் மாதமே அதைச் சுட்டிக் காட்டியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறமூலம் என்று வரும்போதெல்லாம் ‘இலவச மென்பொருள்’ என்று போடுகிறீர்கள். பராமரிக்க ஆளும் பணமும் அதற்கும் வேண்டும். ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் விலகினாலும் அடுத்தவர் அதே நிரலை எடுத்துத் தொடரலாம் என்பதுதான் அதில் பெரிய விஷயம். இதை முன்பே ஒரு முறை எழுதினேன். இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள், அதிலும் ‘இலவச’ என்றே இருந்தது. முப்பது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்குகிறவனுக்கு அது வலித்தது.

திருத்தம் முதல் பக்கத்தில் வேண்டாம். கட்டுரை வந்த அதே பக்கத்தில், மூல நிரல் வேறு, நோயாளி விவரம் வேறு என்று ஒரு வரி போடுங்கள். அதோடு, காப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுத் தர வேண்டும் என்று உங்கள் நிருபர் அதிகாரிகளிடம் ஒரு முறை கேட்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பட்டுக்கோட்டை